கண்ணாடியைக் கேட்காதீர்கள், தண்ணீர் கேனைக் கேளுங்கள்

உடலும் பலமும்: வாசகர் கடிதங்களுக்கு, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பதில் எழுதுகிறார்.

*

கேள்வி: சார், எனக்கு 21 வயது. உயரம் 171 செ.மீ., எடை 52 கிலோ. அப்பாவுடன் விசைப்படகில் கடலுக்குப் போகிறேன். சின்ன வயதிலிருந்தே எலும்பும் தோலுமாகத்தான் இருக்கிறேன். அப்பா, தாத்தா எல்லோருக்கும் இதே வாகு. போலீஸ் வேலைக்கு எழுத ஆசை. ஆனால் மார்பு 79 செ.மீ.தான் இருக்கிறது. "ஊதினால் பறந்துருவ, உனக்கெதுக்குடா போலீசு" என்று கூட்டாளிகள் கேலி செய்கிறார்கள். ஜிம்மில் போய்க் கேட்டால் முதலில் பவுடர் டப்பா வாங்கச் சொல்கிறார்கள். எனக்குப் பலம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் உடம்பு தேறுமா?
– பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: தேறும் தம்பி. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் உங்களுக்கு 17.8 வருகிறது. 18.5-க்குக் கீழே போனால் எடைக் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் உயரத்துக்கு அந்தக் கோடு 54 கிலோ. ஆக, குறைவது இரண்டு கிலோ சொச்சம். இதற்கா இவ்வளவு கேலி? பரம்பரை வாகு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வருடக்கணக்காக ஒரே மாதிரி ஒல்லியாக இருப்பவரைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. நன்றாக இருந்தவர் திடீரென்று இளைத்தாலோ, இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாயங்காலம் காய்ச்சல் அடித்தாலோ, தாகமும் சிறுநீரும் அதிகமானாலோ உடற்பயிற்சியைப் பற்றி யோசிக்கவே கூடாது. நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் சளி, ரத்தம், சர்க்கரை பார்த்துவிட வேண்டும்.

சரி, பலம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணாடியில் தெரியாது. எடை பார்க்கும் இயந்திரத்திலும் தெரியாது. உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் அடுத்தவனோடு வைத்துப் பார்க்கக் கூடாது, போன மாதத்து உங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் விழித்ததும், பாயை விட்டு எழுவதற்கு முன், மணிக்கட்டில் விரல் வைத்து 30 நொடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 60 முதல் 100 வரை இயல்பு. ஓட்டப் பயிற்சி ஏற ஏற இது மெல்ல இறங்கும். அப்புறம் தண்டால். நெஞ்சு தரைக்கு மேல் மடக்கிய கை ஒன்றின் உயரம் வரை இறங்க வேண்டும், இடுப்பு தொய்யக் கூடாது. தொய்ந்த இடத்தோடு எண்ணுவதை நிறுத்துங்கள், அதற்கு மேல் எடுப்பதெல்லாம் கணக்கில் சேராது. பிறகு கம்பியைப் பிடித்துத் தொங்குங்கள். கை விட்டுப்போகும் வரை எத்தனை நொடி என்று எழுதுங்கள். கடைசியாக 1500 மீட்டர் ஓட்டம். 400 மீட்டர் தடம் என்றால் மூன்றே முக்கால் சுற்று. இதைக் கடற்கரை மணலில் ஓடிப் பார்க்க வேண்டாம். ஈர மணலில் ஓடினால் ஒரு நேரம் வரும், உலர்ந்த மணலில் வேறு நேரம் வரும், இரண்டையும் ஒப்பிட முடியாது. மாதம் ஒரு முறை போதும். கடலுக்குப் போய் வந்த மறுநாள் மட்டும் செய்யாதீர்கள், தூக்கம் கெட்ட உடம்பு பொய் சொல்லும்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். மார்பு சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். பொதுப் பிரிவிலும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளிலும் ஆண்களுக்கு உயரம் 170. அது உங்களிடம் இருக்கிறது. அறிவிப்பு வரும்போது ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதில் கயிறு ஏறுதலும் உண்டு. கயிற்றில் யாராக இருந்தாலும் தன் எடையைத்தான் மேலே தூக்க வேண்டும். 80 கிலோ ஆள் பாதியில் மூச்சு வாங்கும்போது, பயிற்சி எடுத்த 55 கிலோ ஆள் மேலே போய்விடுவான். ஒல்லி என்பது அங்கே உங்களுக்குச் சொத்து.

"கடல் வேலை செய்கிறேனே, அது போதாதா?" என்று அடுத்து கேட்பீர்கள். போதாது. இதை நம் கரையில் எத்தனை பேரிடம் சொல்லியும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். விசைப்படகில் வலையை வின்ச் இயந்திரம் இழுத்துவிடுகிறது. உங்களுக்கு மிஞ்சுவது, மீன் சேர்ந்த வலையின் மடியை அவிழ்த்த பிறகு குனிந்தபடியே மணிக்கணக்கில் மீன் பொறுக்குவது, ஐஸ் உடைப்பது, பெட்டி நகர்த்துவது. உடம்பு அசந்துபோகும், உண்மைதான். ஆனால் போன வருடம் தூக்கிய அதே பெட்டியைத்தான் இந்த வருடமும் தூக்குகிறீர்கள். உடம்பு அந்தப் பெட்டிக்கு எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவு சேர்த்துக்கொண்டு நின்றுவிட்டது. பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால்தான் அது மேற்கொண்டு சேர்க்கும். பொங்கலுக்கு இளைஞர்கள் பலம் காட்டத் தூக்குகிற, நம் பக்கத்து ஊர்களில் கிடக்கும் இளவட்டக்கல்லை நினைத்துப் பாருங்கள். எந்த இளவட்டமும் முதல் பொங்கலிலேயே அதைத் தோளுக்கு மேல் வீசிவிடவில்லை. முதலில் தரையை விட்டுக் கிளப்பினான், அடுத்துத் தொடைக்கு ஏற்றினான், அப்புறம் நெஞ்சுக்கு.

கல்லுக்குப் பதிலாக உங்களுக்குக் கைப்பிடி வைத்த 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். டீசல் கேன் வேண்டாம், வழுக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதைவிடச் சரியான எடைக்கல் வீட்டில் கிடையாது. 10 லிட்டர் ஊற்றித் தொடங்குங்கள். கேனை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்து, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக வைத்துக் குனியுங்கள். மீன் பொறுக்கும்போது முதுகு வளைகிற மாதிரி இங்கே வளையவே கூடாது. கைகள் தளர்ந்து தொங்கட்டும். குதிகாலால் தரையை மிதித்து எழுந்திருங்கள். இடுப்பும் தொடையும்தான் தூக்குகின்றன, கை வெறும் கயிறு. பாதி நிறைந்த கேனில் தண்ணீர் உள்ளே அலையும், அதை அடக்குவதற்கு வயிறும் விலாவும் தானாக இறுகும். 8 தடவை தூக்குங்கள், 2 நிமிடம் நில்லுங்கள், மறுபடி. இப்படி 3 சுற்று. மூன்று சுற்றிலும் 12 தடவை சிரமமில்லாமல் வந்த நாளில் ஒரு லிட்டர் கூட்டுங்கள். அதே கேனை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழுவது, குனிந்து நின்று ஒரு கையால் விலாப் பக்கம் இழுப்பது, தண்டால், கம்பியில் தொங்கி ஏறுவது, இவ்வளவுதான் பாடம். மார்புச் சுற்றளவில் முதுகும் சேர்ந்ததுதான் என்பதால் இழுக்கிற பயிற்சியை விட்டுவிடாதீர்கள். 20 லிட்டர் நிறைந்துவிட்டதா? தண்ணீரைக் கொட்டிவிட்டு உலர்ந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நிறைந்தால் ஏறக்குறைய 30 கிலோ வரும்.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும் முறைப்படி நீங்கள் போனால், செவ்வாய் சாயங்காலமும் வெள்ளியும் பயிற்சிக்குச் சரி. படகு கரைக்கு வந்ததும் செய்யாதீர்கள், முதலில் தூங்குங்கள். தசை வளர்வது ஓய்வில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் இரவில் ஒழுங்காகத் தூங்கக் கிடைக்கிற ஒரே காலம் அதுதான். அப்போது வாரம் மூன்று நாளாக்குங்கள். முதல் ஆறேழு வாரத்தில் கேன் இலேசாகிக்கொண்டே வரும், ஆனால் கை பருக்காது. அந்தக் கட்டத்தில் மூளையும் நரம்பும் இருக்கிற தசையை முழுசாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன, தசை பருப்பது பின்னால் வரும். இது தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்று பார்த்து மனசு விட்டுப்போனவர்கள் நிறையப் பேர். நோட்டைப் பாருங்கள் தம்பி, அதில் ஏறியிருக்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பயிற்சி எடுக்கிறவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் புரதம் வரை பயன்படும். உங்களுக்கு நாளுக்கு 83 கிராம். பெரிய மீன் எல்லாம் ஏற்றுமதிக்குப் போகட்டும். வீட்டுக்கு வருகிற சாளையிலும் சூடையிலும் 100 கிராமுக்கு 18, 20 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை ஒன்றில் 6 கிராம். ஒரு கை வறுத்த நிலக்கடலை, 50 கிராம் என்றால் 12 கிராம். இரண்டு டம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல் என்று சேர்த்தால் கணக்கு முடிந்தது, டப்பாவுக்கு வேலை இல்லை. எடை ஏற்றும் பவுடர்கள் பலவற்றில் பெரும்பங்கு சர்க்கரையும் மாவுமே, டப்பாவின் முதுகைத் திருப்பிப் படித்தால் தெரியும். புரதம் மட்டும் போதாது, மொத்த சாப்பாடும் கூட வேண்டும். உங்களைப் போன்றவர்கள் "நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்" என்பீர்கள். ஒரு வேளை குண்டானைக் காலி செய்துவிட்டு, கடலில் இருக்கும்போது இரண்டு வேளை டீயோடு ஓட்டுவீர்கள். இளைத்தவனுக்கு எள்ளு என்று சும்மா சொல்லவில்லை, எள்ளில் பாதி எண்ணெய். படகுக்குப் போகும்போது கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை நாலு கட்டிக்கொண்டு போங்கள். கெட்டுப்போகாது, கை கழுவ நேரமில்லாதபோதும் வாயில் போட்டுக்கொள்ளலாம். வாரத்துக்கு கால் கிலோ ஏறினால் போதும். அதைவிட வேகமாக ஏறினால் தொப்பைதான் விழும்.

*

கேள்வி: நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 155 செ.மீ., 42 கிலோ. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, அடிக்கடி தலை சுற்றுகிறது. உடற்பயிற்சி செய்தால் இன்னும் இளைத்துவிடுவாய் என்று அம்மா தடுக்கிறார். என்ன பயிற்சி செய்யலாம்?
– ஒரு மாணவி, கீழக்கரை

பதில்: பயிற்சி இருக்கட்டும் அம்மா, முதலில் ரத்தப் பரிசோதனை. மூச்சு வாங்குவதும் தலை சுற்றுவதும் ரத்தசோகையாக இருக்கலாம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அரசு மருத்துவமனையில் பணம் இல்லாமல் பார்ப்பார்கள், இரும்புச் சத்து மாத்திரையும் தருவார்கள். மாதவிடாயில் போக்கு அதிகமாக இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முருங்கைக் கீரை, கேழ்வரகு எல்லாம் நல்லதுதான். ஆனால் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

ரத்தம் ஏறியதும் மேலே தம்பிக்குச் சொன்ன அதே பாடம்தான், 3 லிட்டரில் தொடங்குங்கள். தண்டாலைச் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம், பிறகு திண்ணையில், அப்புறம் தரையில். இளைத்துவிடுவாய் என்ற பயம் வேண்டாம், பாரம் தூக்கினால் பசி கூடும். பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமார்களை அம்மாவுக்குக் காட்டுங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பிடுங்கி, நனைந்த மூட்டையைக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அவர்களில் பலர் உங்களைப் போல ஒடிசலானவர்கள்தான்.

*

கேள்வி: வயது 46. உயரம் 165, எடை 60 கிலோ. கை கால் எல்லாம் குச்சி. வயிறு மட்டும் 93 செ.மீ. ஒல்லியான ஆளுக்குச் சர்க்கரை வராது என்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா?
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: ஐயா, தயவுசெய்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மேலே தம்பிக்குப் போட்ட அதே எடைக் கணக்கில் உங்களுக்கு 22, பார்த்தால் நல்ல எண்தான். ஆனால் இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் சேர்ந்து நின்ற படம் ஒன்று 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் எடைக் கணக்கு ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற நம் உடம்புக்குள் கொழுப்பு எப்படி ஒளிந்திருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. இந்த வாரமே வெறும் வயிற்றில் சர்க்கரை பாருங்கள். 100-க்குக் கீழே நல்லது. 126-ம் அதற்கு மேலும் வந்தால், இன்னொரு முறை பார்த்து டாக்டர் உறுதி செய்வார். பட்டினி கிடந்து வயிற்றைக் குறைக்கப் பார்க்காதீர்கள், இருக்கிற கொஞ்சம் தசையும் போய்விடும். தினமும் அரை மணி நேரம் வேகநடை, வாரம் இரண்டு நாள் கேன். டாக்டர் சரி என்ற பிறகு 5 லிட்டரில் ஆரம்பியுங்கள்.

*

கேள்வி: உடம்பு ஏற மெடிக்கலில் பொட்டலமாகக் கட்டித் தருகிற மாத்திரை சாப்பிடலாமா? கூடப் படிக்கிறவனுக்கு ஒரே மாதத்தில் கன்னம் உப்பிவிட்டது.
– தொண்டி மாணவர்

பதில்: கூடவே கூடாது. பெயர் சொல்லாமல் பொட்டலத்தில் வருவது பெரும்பாலும் பசியைத் தூண்டும் மாத்திரையும் ஸ்டீராய்டும்தான். கன்னத்தில் உப்பியிருப்பது நீரும் கொழுப்பும், அதில் பலம் ஏதும் இல்லை. ஸ்டீராய்டைத் தொடர்ந்து விழுங்கினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், தசையும் கரையும். உங்கள் நண்பர் அதைப் பல வாரமாகச் சாப்பிடுகிறார் என்றால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மிச்சமுள்ள பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.