கண் மெலனோமா: ரிப்போர்ட்டில் உள்ள செல் அளவுகளை வைத்து நோயின் போக்கைச் சொல்ல முடியுமா?

உங்கள் தாயாருக்குக் கண்ணுக்குள் மெலனோமா, அதாவது நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய், வந்து கண்ணை எடுத்துவிட்டார்கள் என்றும், ரிப்போர்ட்டில் உள்ள செல் வகையையும் அளவையும் வைத்து இனி என்ன ஆகும் என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்குச் சொல்ல முடியும். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு நானும் அலைந்தேன்.

எங்களுக்குப் பாம்பன். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இடது கண்ணின் ஓரத்தில் நிழல் விழுகிறது என்றார். உப்புக்காற்றும் வெயிலும் பட்ட கண், புரையாகத்தான் இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லி ஓராண்டை வீணாக்கினோம். மதுரைக்குக் கூட்டிப்போனபோது, கண்ணை வைத்துக்கொண்டே வைத்தியம் செய்யும் அளவைக் கட்டி தாண்டியிருந்தது.

ரிப்போர்ட்டில் ‘கலப்புச் செல் வகை’ என்று ஒரே வரி. நான் ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தவள்; ஸ்லைடைப் பார்க்க முடியுமா என்று நோய்க்குறியியல் மருத்துவரிடம் கேட்டேன். காட்டினார். ஒரு பக்கம் நூல் நூற்கும் கதிர் போல ஒல்லியான, நீண்ட செல்கள், நீரோட்டத்தில் பாசி சாய்ந்து கிடப்பதுபோல ஒரே திசையில் கிடந்தன. ஸ்லைடைச் சற்று நகர்த்தியதும் வேறு கூட்டம்: பெரிய, உருண்ட செல்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல். ஒவ்வொன்றின் உட்கருவுக்குள்ளும் சிவந்த பொட்டு. அதுதான் நியூக்ளியோலஸ்.

கதிர் வடிவச் செல்கள் மட்டும் இருந்தால் நோய் பெரும்பாலும் சாதுவாக இருக்கும், உருண்ட எபிதீலியாய்டு செல்கள் சேரச் சேர ஆபத்து கூடும். இந்தப் பாகுபாட்டின் அடிப்படையை 1931இல் கலெண்டர் என்பவர் வகுத்தார். சிக்கல் என்னவென்றால், ஒரு மருத்துவர் கலப்பு என்பதை இன்னொருவர் கதிர் வகை என்பார். கண்ணால் பார்த்துச் சொல்வதற்குப் பதிலாக அளந்தே பார்த்துவிடலாம் என்று 1980களில் கேமல், மக்லீன் என்ற இரு மருத்துவர்கள் கணினியை வைத்து நியூக்ளியோலஸ்களின் பரப்பை அளந்தார்கள். சராசரி அளவைவிட, அந்த அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதுதான், அதாவது திட்டவிலக்கம்தான், நோயின் போக்கை நன்றாகக் காட்டியது. பிற்பாடு இதையே எளிமையாக்கி, வெள்ளிச் சாயம் ஏற்றிய ஸ்லைடில் மிகப் பெரிய பத்து நியூக்ளியோலஸ்களை மட்டும் அளந்து சராசரி எடுக்கும் முறை வந்தது. அப்பாவிடம் இதை விளக்கியபோது, “கூடையில் எல்லாம் ஒரே ரகமா, கலந்து கிடக்கிறதா என்று பார்க்கிறார்கள், அப்படித்தானே?” என்றார். அதேதான்.

ஆனால் அந்த எண் உங்கள் தாயாருக்கு எழுதிய தீர்ப்பு இல்லை. அவரைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் பரவலாம் என்பதைத்தான் அது சொல்லும். அந்த நூறில் இவர் எந்தப் பக்கம் என்று சொல்லாது. இந்த நோய் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பின்னாளில் வேறு உறுப்புக்குப் பரவுகிறது, பெரும்பாலும் கல்லீரலுக்கு. சிலருக்குப் பத்து ஆண்டு கழித்தும் வரலாம்.

செல் அளவோடு கட்டியின் விட்டமும் அது கண்ணின் சுவரைத் தாண்டியதா என்பதும் முக்கியம். இவற்றைவிடவும் பலமான குறி மரபணுவில் இருக்கிறது. கட்டியின் செல்களில் 3ஆம் குரோமோசோமின் ஒரு பிரதி காணாமல் போயிருந்தால் பரவும் வாய்ப்பு மிக அதிகம் என்பது 1996லேயே தெரிந்துவிட்டது. அதே குரோமோசோமில் உள்ள பிஏபி1 என்ற மரபணுவின் பங்கு 2010இல் தெரியவந்தது. இப்படி ஒரு பரிசோதனை இருப்பதை எங்களிடம் அப்போது ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கண்தான் போய்விட்டதே, இனி எதற்குச் சோதனை என்று உறவினர்களும் கேட்டார்கள். கல்லீரலை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்த ஸ்கேனால் பார்ப்பது என்று முடிவு செய்ய அது வேண்டும்.

ஆகவே உடனே மருத்துவமனைக்குப் போய், கட்டியைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டை பத்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். குரோமோசோம் பரிசோதனையை அதிலிருந்தும் செய்யலாம். ரிப்போர்ட்டையும் அந்தக் கட்டையையும் எடுத்துக்கொண்டு கண் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.

அப்பாவுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை கல்லீரல் ஸ்கேன். ஒன்று மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில்; இன்னொன்று அடைமழையில் படகுகள் கரையில் கிடக்கும் நவம்பரில். சென்ற நவம்பர் வரை கல்லீரல் சுத்தம். அடுத்தது வருகிற மே.