திருகோணமலை உப்புவெளியில் செர்ரி மரம் பூக்கவில்லை என்ற கேள்விக்கு

மூன்று வருடமாக இலை மட்டும் விடும் உங்கள் செர்ரி, எந்தப் பசளை போட்டாலும் அங்கே பூக்காது.

குளிர்தான் குறை. செர்ரி மொட்டு விழிக்க, ஏறக்குறைய 7 பாகை செல்சியஸிலோ அதற்குக் கீழோ பல வாரங்கள் உறங்க வேண்டும். திருகோணமலையில் மார்கழி மழை இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

அப்புறம், அது செர்ரிதானா என்றும் பாருங்கள். இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் கடுகைவிடச் சிறிதாக இரண்டு முடிச்சுகள் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் ஒரு படம் போடுங்கள். பெயர் மாற்றி விற்பது புதிதா என்ன!

அடியில் ஐஸ் கொட்டாதீர்கள். குளிர வேண்டியது கிளையிலுள்ள மொட்டு; வேர்தான் வீணாகும். குளிரான மலைநாட்டு நுவரெலியாவில் சொந்தக்காரர் இருந்தால் சாடியோடு கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் அங்கும் உறுதியில்லை. முற்றத்துக்குக் கொன்றை போதும்.