ட்ரக்டரில் பூட்டும் ஃபிளெயில் மோவர் என்றால் என்ன? எதைப் பார்த்து வாங்குவது?

ட்ரக்டரின் பின்னால் பூட்டிப் புல் வெட்டும் மெஷின் இது. படுக்கைவாட்டில் ஒரு தண்டு சுழலும்; அதில் புல்லை வெட்டும் சின்னச் சின்ன அலகுகள் ஆடும்படி தொங்கும். சாவிக்கொத்தைச் சங்கிலியில் பிடித்துச் சுழற்றினால் விறைத்து நிற்கும், சுவரில் பட்டால் மடங்கும் அல்லவா? அதே வேலைதான். கல்லில் பட்ட அலகு பின்வாங்குவதால் மெஷினுக்கு அடி குறைவு.

கொழும்பில் இருந்துகொண்டு அவிசாவளைப் பக்கம் தென்னங்காணி பார்ப்பவர்களுக்குக் கினிப்புல்தான் தலையிடி. அதற்கு ஒய் வடிவ அலகு போதும். தடித்த பற்றைக்குச் சுத்தியல் அலகு. மெஷினின் அகலம் ட்ரக்டரின் பின்சில்லுத் தடத்தை மூட வேண்டும், ஆனால் ட்ரக்டரின் வலுவை மிஞ்சக்கூடாது (விற்பவர் என்ன சொன்னாலும் சரி). பெரும்பாலானவற்றுக்கு ட்ரக்டரின் பீ.டீ.ஓ. தண்டு (எஞ்சின் வலுவைப் பின்னால் பூட்டிய மெஷினுக்குக் கொடுக்கும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்ற வேண்டும். அதைக் குறைக்காமல், கியரை இறக்கி மெதுவாகப் போங்கள்.

அலகு மடங்கும் என்பதால் கல் பறக்காது என்று பலர் நினைக்கிறார்கள். பறக்கும், ஆட்களைத் தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள்.