சட்டம் படித்த ஒருவர் குருவாகாமலேயே கர்தினால் ஆக முடியுமா?

இன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி முடியாது. கர்தினால் என்றால் திருத்தந்தைக்கு (போப்புக்கு) அடுத்த நிலையில் உள்ள ஆலோசகர், குரு என்றால் திருப்பலி (பூசை) நிறைவேற்றும் பாதிரியார். நீங்கள் சட்டப் பட்டதாரி, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கர்தினால் தியோதொல்போ மெர்தெலைப் பற்றி எங்கோ படித்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அவரைக் காட்டித்தான் எல்லோரும் வாதாட வருகிறார்கள்.

மெர்தெல் உரிமையியல், திருச்சபைச் சட்டம் இரண்டிலும் முனைவர். திருத்தந்தையின் ஆட்சிப் பகுதிக்கு 1848இல் அரசியல் சாசனம் எழுதியதில் அவருக்குப் பங்கு உண்டு, பிறகு உள்துறை அமைச்சராகவும் இருந்தார். 1858 மார்ச்சில் ஒன்பதாம் பயஸ் அவரைக் கர்தினால் ஆக்கினார். குருவுக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டம் மே மாதம்தான் கிடைத்தது. 1899இல் இறக்கும்வரை திருத்தொண்டராகவே இருந்தார், திருப்பலி நிறைவேற்றியதே இல்லை. ஆனால் 1878இல் பதின்மூன்றாம் லியோவின் தலையில் முடிசூட்டியவர் அவர்தான், அதற்குரிய மூத்த கர்தினால் நோயுற்றிருந்ததால். ஆகவே 'பொதுநிலையினராகவே (எந்தத் திருப்பட்டமும் பெறாதவராகவே) கடைசிவரை இருந்தார்' என்று எழுதுவது தவறு.

அந்தக் கதவை மூடியதும் சட்டம் படித்த ஒரு கர்தினாலின் உழைப்புதான். பியெத்ரோ காஸ்பாரி, 1852இல் இத்தாலியின் உசித்தாவில் பிறந்தவர், 1880 முதல் 1898 வரை பாரிஸ் கத்தோலிக்கக் கல்வி நிறுவனத்தில் திருச்சபைச் சட்டப் பேராசிரியர். 1904இல் பத்தாம் பயஸ் சட்டத் தொகுப்புப் பணியை அவரிடம் கொடுத்தபோது நிலைமை என்ன தெரியுமா? 1140 வாக்கில் சட்ட அறிஞர் கிரேசியன் தொகுத்தது, 1234இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி வெளியிட்டது, பதினாறாம் நூற்றாண்டில் திரெந்து நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தின் ஆணைகள், அதற்குப் பின் வந்த நூற்றுக்கணக்கான ஆணைகள், எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. ஒன்றை ஒன்று மறுக்கும் விதிகளும் உண்டு. எது செல்லும், எது காலாவதி என்று ஒரு மறைமாவட்ட நீதிபதி கண்டுபிடிப்பதற்குள் வழக்காளி சோர்ந்துபோவார்.

பழைய ஆணைகளில் முன்னுரை, காரணம், தண்டனை எல்லாம் ஒரே நீண்ட வாக்கியத்தில் பின்னிக் கிடக்கும். காஸ்பாரி குழு அதிலிருந்து விதியை மட்டும் உருவி, சின்னச் சட்டப்பிரிவாக்கி எண் கொடுத்தது. மூல ஆணை எது என்பது அடிக்குறிப்பில் போனது. வரைவுகள் உலகெங்கும் உள்ள ஆயர்களுக்கு (பிஷப்புகளுக்கு) போய்க் கருத்துகளோடு திரும்பி வந்தன. ஐந்து பகுதிகள், 2,414 பிரிவுகள். 1917 மே 27 அன்று பதினைந்தாம் பெனடிக்ட் வெளியிட்டார், 1918 மே 19 முதல் நடைமுறை. அதன் 232ஆம் பிரிவுதான் கர்தினால் குறைந்தது குருவாக இருக்க வேண்டும் என்றது.

உயிரோடிருக்கும் கர்தினாலின் நெருங்கிய இரத்த உறவினர் கர்தினாலாகக் கூடாது என்றும் அதே பிரிவு சொன்னது. ஆனாலும் காஸ்பாரியின் உறவினர் என்ரிகோ காஸ்பாரி 1925இல் கர்தினாலானார். விதியிலிருந்து விலக்குத் தர திருத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. குறுக்குவழி தேடுகிறவர்கள் அந்த விலக்கைப் பொதுவிதியாகப் படித்துவிடுகிறார்கள்.

ஒரு மனக்குறை. காஸ்பாரி என்றாலே 1929 பிப்ரவரி 11இல் முசோலினியோடு லாத்தரன் உடன்படிக்கையில் கையெழுத்திடும் படம்தான் எல்லா இடத்திலும். பதிமூன்று ஆண்டுச் சட்டத் தொகுப்புக்கு ஒரு வரி. அந்த உடன்படிக்கையை நான் சிறுமைப்படுத்தவில்லை, 44 ஹெக்டேர் வத்திக்கான் நாடு அதில்தான் பிறந்தது. ஆனால் உலகம் முழுவதும் லத்தீன் மரபுத் திருச்சபையின் ஒவ்வொரு பங்குத்தளத்தையும் தொட்டது அந்தத் தொகுப்புதான்.

இனி உங்கள் விஷயம். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 351ஆம் பிரிவும் குறைந்தது குரு என்றே சொல்கிறது, ஆயரல்லாதவர் ஆயர் திருநிலைப்பாடும் பெற வேண்டும். உரிமையியல் சட்டப் பட்டம் திருச்சபைச் சட்ட உரிமப் பட்டத்துக்கு (லைசன்சியேட்) ஈடாகாது. இறையியல் அடிப்படைக்குப் பிறகு அதற்கே மூன்று ஆண்டு வேண்டும், லத்தீன் கட்டாயம். பலர் தடுக்கி விழுவது லத்தீனில்தான், முன்கூட்டியே தொடங்குங்கள். குருவாக விருப்பமில்லை என்றாலும் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குரைஞராகலாம். 1483ஆம் பிரிவு கேட்பது வயது, நற்பெயர், திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் அல்லது உண்மையான தேர்ச்சி, ஆயரின் ஒப்புதல். பொதுவாகக் கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும், ஆயர் அனுமதித்தால் ஒழிய.