உடன் படிப்பவரின் கால் பங்கு

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலியில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடமாகச் சிறுகதை எழுதிப் பார்க்கிறேன். என்னைப்போல் எழுதப் பழகும் மூன்று நண்பர்களோடு மாதம் ஒருமுறை கூடி, எழுதியதை வாசிக்கிறோம். சென்ற மாதம் என் கதை. முடிவு பாதியில் நின்றுவிட்டது என்றார் ஒருவர். முடிவை இழுத்துவிட்டீர்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்து முடித்தார். எங்கள் நால்வரின் எழுத்தும் இதுவரை ஒரு பத்திரிகையிலும் வந்ததில்லை. ‘குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடி’ என்று திருமூலர் சொன்னது எங்களைத்தானோ? கதையை இணைத்திருக்கிறேன். தாங்கள் படித்துத் திருத்தித் தந்தால் போதும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திருமூலர் பேசியது ஞானம் பற்றி. அதற்குக் குரு வேண்டும், சரி. சிறுகதைக்கு அவ்வளவு வேண்டுமா என்பது எனக்குச் சந்தேகம். நீங்கள் பழைய பாட்டைக் காட்டியதால் நானும் ஒன்றைக் காட்டுகிறேன். நன்னூல் என்ற இலக்கண நூலின் பொதுப்பாயிரத்தில், அதாவது அதன் முன்னுரைப் பகுதியில், பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் இடத்தில் பவணந்தி முனிவர் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை ஒருவன் முழுதாக வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது ‘காற்கூறு’தான். ‘அவ்வினையாளரொடு பயில்வகை’யில், அதாவது அதே வேலையில் இருப்பவர்களோடு சேர்ந்து பழகுவதில், இன்னொரு கால். மிச்சம் அரை, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வந்து சேர்கிறது. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், கூட்டிப் பாருங்கள். என்னிடம் நீங்கள் கேட்பது முதல் கால் பங்கை மட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு நூலுக்குப் பாயிரம் சொல்லத் தகுந்தவர்கள் யார் யார் என்று நன்னூல் நான்கு பேரைச் சொல்கிறது. எழுதியவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியருக்கு அடுத்தபடியாக வருபவர் ‘தன்னொடு கற்றோன்’, அதாவது அவரோடு உடன் படித்தவர். தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் தந்த பனம்பாரனாரைத் தொல்காப்பியரின் உடன்மாணாக்கர் என்றே உரை மரபு சொல்லி வருகிறது. உடன் படித்தவனின் வாய்க்கு நம்மிடம் மரியாதை இருந்திருக்கிறது. நாம்தான் இடையில் எல்லாவற்றுக்கும் வாத்தியார் கையெழுத்தைக் கேட்கப் பழகிவிட்டோம்.

என் கதைக்கு வருகிறேன். இருபத்தைந்து வயதில் நாங்கள் ஐந்து பேர் ஒரு டீக்கடை மாடியில் கூடுவோம். அப்போது நான் எழுதிய கதை ஒன்றில் முதல் பக்கத்திலேயே வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடக்கும். கதை முழுவதும் அந்தச் செருப்பை வைத்துத்தான் நகரும், அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்ததும், மின்சாமான் கடை வைத்திருந்த நண்பர் கேட்டார்: “எல்லாம் சரி, அந்தச் செருப்பு யாரோடது?”

எனக்குக் கோபம் வந்தது. இறந்துபோன அப்பாவுடையது, இதுகூடத் தெரியவில்லையா என்றேன். “அது எங்க எழுதியிருக்கு?” என்றார். ஆறு பக்கத்தையும் புரட்டினேன். எங்கும் இல்லை. பத்துத் தடவை திருத்தி எழுதியிருந்தேன், ஒரு தடவைகூட அது கண்ணில் படவில்லை. என் தலைக்குள் இருந்ததைத் தாளில் இருப்பதாக நினைத்து நானே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க இலக்கிய மேதை வேண்டாம். என் தலைக்குள் இல்லாத இன்னொரு ஆள் போதும்.

அவர் அதோடு விடவில்லை. “செருப்பைத் தூக்கி அப்பா படத்துக்குக் கீழ வச்சிடுங்க, புரிஞ்சிடும்” என்றார். அது சினிமா. நான் செய்யவில்லை. இரண்டு வாரம் கழித்து, அம்மா தினமும் காலையில் வாசல் பெருக்கும்போது அந்தச் செருப்பை எடுத்து ஓரமாக வைத்து, பெருக்கி முடித்ததும் பழைய இடத்திலேயே திரும்ப வைப்பதாக ஒரு வரி சேர்த்தேன். சட்டை அக்குளில் பிடிக்கிறது என்று போட்டுப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும். எந்தத் தையலைப் பிரிப்பது என்று அவரிடம் கேட்கக் கூடாது.

அந்த மிச்ச அரைப் பங்கு எனக்கு வேறு விதமாகக் கிடைத்தது. பவணந்தியார் சொன்னது பாடம் சொல்வதை, நான் கொஞ்சம் இழுத்துப் பொருள் கொள்கிறேன். எங்களில் ஒருவர் கதையில் எல்லோரும் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார்கள். பென்சிலால் வட்டமிட்டு எண்ணினேன், ஏழு பக்கத்தில் பதினொரு பெருமூச்சு. எல்லோரும் சிரித்தோம், அவரும்தான். ஆனால் அது ஏன் சலிக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. துக்கம் வரும் இடத்திலெல்லாம் துக்கத்தை எழுதாமல் அதற்கு ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறீர்கள் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். வீட்டுக்குப் போய் என் நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ‘சட்டென்று’. எல்லோரும் சட்டென்று எழுந்தார்கள், சட்டென்று அழுதார்கள். அவருக்குச் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கே அது தெரிந்தது.

‘அருமை’ என்று மட்டும் சொல்லும் நண்பரால் உங்களுக்குப் பயன் இல்லை. அவர் டீக்குக் காசு கொடுத்தால் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், உங்கள் கதை பேசப்படும்போது நீங்கள் பேசாதீர்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936இல் தொடங்கியது. எழுதியவர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்பது அந்த வகைப் பட்டறைகளின் பேர்போன வழக்கம். அதைக் கொடுமை என்பவர்களும் உண்டு. ஆனால் நான் அன்று “அப்பாவுடையது” என்று முந்திக்கொண்டு சொல்லாமல் இருந்திருந்தால், மற்ற மூவரும் அந்தச் செருப்பை யாருடையது என்று நினைத்தார்கள் என்பதாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் கதையை இப்போது நான் படிக்கப் போவதில்லை, மன்னியுங்கள். முடிவைப் பற்றி இரண்டு பேர் நேர் எதிராகச் சொல்கிறார்கள் என்றால், கோளாறு முடிவில் இல்லாமலும் இருக்கலாம். நடுவில் எங்கோ ஒருவருக்குப் பிடி விட்டுப்போயிருக்கும். எந்தப் பக்கத்தில் என்று இருவரிடமும் கேளுங்கள். முடிவை அதுவரை தொடாதீர்கள்.

பிறகு அந்த டீ குடித்த நண்பர். அவரிடம் கருத்துக் கேட்காதீர்கள். உங்கள் கதையில் என்ன நடந்தது என்று அவர் வாயால், தாளைப் பார்க்காமல், உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். எதை விட்டுவிடுகிறார், எதை அவராகச் சேர்க்கிறார் என்று ஓரமாகக் குறித்துக்கொண்டு வாருங்கள். கதையோடு அந்தக் குறிப்பையும் சேர்த்து அனுப்பினால் அப்போது படிக்கிறேன்.