பாதுகாப்புப் பேச்சு நடக்கிறதாம், பிடிபட்ட படகு திரும்பி வருமா?

கேள்வி: நாங்கள் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை. அண்ணன் பெயரில் உள்ள விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துப் போய்விட்டது. தொழிலுக்குப் போனவர்கள் யாழ்ப்பாணம் சிறையில் இருக்கிறார்கள். அண்ணன் அன்று கரையில்தான் இருந்தார். படகின் உரிமையாளர் ஆஜராக வேண்டும் என்று பருத்தித்துறை கோர்ட்டில் தேதி போட்டிருக்கிறார்கள். இதற்கிடையில் இரண்டு அரசுகளும் பிராந்தியப் பாதுகாப்பு பற்றிப் பேசப் போவதாக டிவியில் செய்தி. "பேச்சுவார்த்தையில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள், வீணாகச் செலவு பண்ணாதே" என்கிறார்கள் ஊரில். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம், சகோதரி. அந்தத் தேதிக்கு அண்ணன் கோர்ட்டில் நிற்க வழி பாருங்கள். பேச்சுவார்த்தையால் ஆட்கள் வீடு திரும்பியிருக்கிறார்கள், அது பலமுறை நடந்திருக்கிறது. படகு விஷயம் வேறு.

ஊரில் சொல்வது முழுக்கத் தவறும் இல்லை. ஒரு காலத்தில் பிடித்த படகுகளையும் நல்லெண்ணம் என்று சொல்லி மொத்தமாக விட்டிருக்கிறார்கள். அந்த நினைவில்தான் பேசுகிறார்கள். ஆனால் 2017இல் இலங்கை, கடலடியை வாரி இழுக்கும் வலையால் மீன் பிடிக்கும் இழுவைமடித் தொழிலையே சட்டத்தால் தடை செய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகள் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, படகின் நீளத்துக்கு ஏற்ப அபராதத்தைக் கோடிக்கணக்கில் உயர்த்தியது. அதன்பிறகு ஆட்களுக்கு ஒரு கணக்கு, படகுக்கு ஒரு கணக்கு என்றாகிவிட்டது. ஆட்களைப் பெரும்பாலும் ஒத்திவைத்த தண்டனையோடு அனுப்பிவிடுகிறார்கள். படகு வழக்கு தனியாக ஓடுகிறது. உரிமையாளர் வராவிட்டால் படகு அரசுடைமை. கோர்ட் அப்படித் தீர்ப்பு சொன்ன பிறகு, அதை மாற்றித் தரும்படி மந்திரியிடம் கேட்பது லேசான காரியம் இல்லை.

அடுத்து, டிவியில் சொன்ன பேச்சு எந்தப் பேச்சு என்று பாருங்கள். எல்லாப் பேச்சிலும் மீனவர் விஷயம் வராது. கொழும்பு பாதுகாப்பு மாநாடு என்று ஒன்று இருக்கிறது. இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ், வங்கதேசம் போன்ற நாடுகளின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்கள் அதில் உட்காருகிறார்கள். கடல் பாதுகாப்பு, பயங்கரவாதம், கடத்தல், சைபர் பாதுகாப்பு, பேரிடர் உதவி, இவைதான் அங்கே பொருள். உங்கள் படகு அந்தப் பட்டியலிலேயே இல்லை. தலைவர்கள் சந்திப்பு வேறு ரகம். 2024 டிசம்பரில் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க டெல்லி வந்தபோது, இந்தியாவின் பாதுகாப்புக்கு எதிராகத் தம் மண்ணைப் பயன்படுத்த விடமாட்டோம் என்று உறுதி சொன்னார். மீனவர் பிரச்சினையை மனிதாபிமானத்தோடு அணுகுவது என்றும் அந்தக் கூட்டறிக்கையில் வந்தது. 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி கொழும்பு போனபோது பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதையொட்டி சில மீனவர்களும் விடுதலையானார்கள். பெரிய தலைவர் போகும் சமயத்தில் ஆட்கள் வருவது இப்படித்தான்.

படகைப் பற்றி உட்கார்ந்து பேச அமைத்தது 2016இல் தொடங்கிய மீன்வளக் கூட்டுப் பணிக்குழு. இரு நாட்டு மீன்வள அதிகாரிகளும் கடற்படை, கடலோரக் காவல்படை ஆட்களும் அதில் இருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது ஏற்பாடு. 2024 அக்டோபரில் கொழும்பில் கூடியது ஆறாவது கூட்டம்தான். அந்த வேகத்தை நம்பி கோர்ட் தேதியை விடலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அண்ணனுக்கு பாஸ்போர்ட் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே தட்கலில் போடுங்கள். நம் மாவட்டத்துக்குத் திருச்சி அலுவலகம். படகுப் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், அன்று கடலுக்குப் போக வாங்கிய டோக்கன், இன்சூரன்ஸ், எஞ்சின் ரசீது எல்லாம் அசலும் நகலுமாக வேண்டும். பதிவு அண்ணன் பெயரில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். படகைக் கைமாற்றி வாங்கிவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவர்கள் அங்கே போய் முழிப்பார்கள். மீன்வளத்துறை ஏ.டி. (உதவி இயக்குநர்) ஆபீஸில் மனு கொடுத்து, கைப்பற்றப்பட்ட விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். சிறையில் இருப்பவர்களின் குடும்பத்துக்குத் தமிழக அரசு தரும் தினசரி உதவித்தொகைக்கும் அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. வழக்கு எண், படகின் பதிவு எண் இரண்டையும் போட்டு அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வக்கீல் ஏற்பாட்டுக்கு உதவி கேளுங்கள். அண்ணன் படகில் இல்லை என்பதை எப்படி முன்வைப்பது என்று அந்த வக்கீலிடமே பேசுங்கள். பாஸ்போர்ட் தாமதமானால் வக்கீல் மூலமாகத் தேதி நீட்டிக்கக் கேட்க வேண்டும். சும்மா இருந்துவிடாதீர்கள். போவதற்கு நாகையிலிருந்தே காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டு. மழைக்காலத்தில் நிற்கும், அப்போது விமானம்தான்.

தீர்ப்பு சாதகமாக வந்தாலும் படகு எந்த நிலையில் இருக்கும் என்பது இன்னொரு கவலை. மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கட்டிக் கிடந்த படகை இழுத்து வரும் செலவு, எஞ்சின் செலவு இரண்டையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு, மீட்பது லாபமா என்று பஞ்சாயத்தாரோடும் பேசிக்கொள்ளுங்கள்.

கசப்பாக இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். நம் இழுவைமடிப் படகுகளால் இலங்கைக் கரையில் வலை அறுபட்டு நிற்பவர்களும் தமிழ் பேசும் மீனவர்கள்தான். இழுவைமடி இருக்கும் வரை கொழும்பு அரசு படகு விஷயத்தில் இறங்கி வராது. இழுவைமடியை நிறுத்தும் திசையில் விரைந்து போவதாக 2016இலேயே நம் அரசும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

வேதாரண்யம் பக்கம் ஃபைபர் படகுக்காரர்களை நடுக்கடலில் கடற்கொள்ளையர்கள் அடித்து, வலை, ஜி.பி.எஸ். பறிக்கிறார்களே, அது உண்மையிலேயே பாதுகாப்புப் பேச்சில் வைக்க வேண்டிய விஷயம். ஆனால் கரையேறியதும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் எஃப்.ஐ.ஆர். போடாவிட்டால் டெல்லியில் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. அவர்கள் எண் 1093. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554.

கடைசியாக, சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு. ஒத்திவைத்த தண்டனை என்றால் தண்டனை ரத்தாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்தக் காலத்துக்குள் மறுபடி பிடிபட்டால் பழையதும் சேர்ந்துகொள்ளும். 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் பக்கம் உள்ள ஊர்காவற்றுறை கோர்ட் படகு டிரைவர்களுக்கு 6 மாதமும், இரண்டாம் முறை சிக்கியவருக்கு ஒரு வருடமும் கொடுத்தது. தீர்ப்பில் எத்தனை வருடம் ஒத்திவைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நகல் வாங்கிப் பார்த்துவிட்டு, அதுவரை எல்லைப் பக்கம் போகும் படகில் ஏறாமல் இருக்கச் சொல்லுங்கள்.