மருமகள் ஏன் இன்னும் கடைசி பெஞ்சில்?

கேள்வி: யாங்கூனில் எங்களுடையது சின்னத் தமிழ்ச் சபை. ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தால் பெரிது. என் மகன் ஒரு பர்மியப் பெண்ணைக் கல்யாணம் செய்திருக்கிறான். அவள் மனதார ஞானஸ்நானம் எடுத்தவள், தங்கமான பெண். ஆனால் தமிழ் தெரியாது. ஆராதனை முழுக்கக் கடைசி பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது எங்கள் பெண்கள் வட்டமாக நின்று பேசுவார்கள். அவள் வட்டத்துக்கு வெளியே கப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போன மாதம் என்னிடம், "எல்லாரும் நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள், அமே (அம்மா). ஆனால் இரண்டு வருஷமாக நான் விருந்தாளியாகவே இருக்கிறேன். இனி நீங்கள் போய்வாருங்கள்" என்றாள். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த, சின் என்கிற மலைவாழ் இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பமும் இரண்டு வாரம் வந்தது. பையன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். முன்வாசலில் ஐந்து படி. நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். மூன்றாவது வாரம் அவர்கள் வரவில்லை. ஆராதனையில் கொஞ்சம் பர்மிய மொழி சேர்க்கலாமே என்று கேட்டதற்கு எங்கள் மூத்த மூப்பர், "தமிழ் மிச்சம் இருக்கிறதே இந்த ஒரு இடத்தில்தான், அதையும் விட்டுவிடச் சொல்கிறாயா?" என்று கோபப்பட்டார். நான் கேட்டது தவறா?
– ஒரு வாசகி, யாங்கூன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது தவறே இல்லை. இன்னும் முன்பே கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்வேன்.

உங்கள் மருமகள் சொன்ன அந்த ஒரு வரியில் முழு விஷயமும் இருக்கிறது. அவள் யாரையும் குறை சொல்லவில்லை. உங்கள் சபையார் கைகுலுக்குகிறார்கள், டீ கொடுக்கிறார்கள், சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். அதோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்தவருக்கு முதல் நாள் நாற்காலி போட்டு உட்காரவைப்பது மரியாதை. இரண்டாம் வருஷமும் அதே நாற்காலியில் உட்காரவைத்து, அடுப்படிப் பக்கமே விடாமல் இருந்தால் அது எப்படி அவர் வீடாகும்? "ஆகையால் நீங்கள் இனி அந்நியரும் பரதேசிகளுமாயிராமல், பரிசுத்தவான்களோடே ஒரே நகரத்தாரும் தேவனுடைய வீட்டாருமாகி" என்று எபேசியருக்கு எழுதுகிறார் பவுல். நல்ல விருந்தாளிகளாக இருங்கள் என்று அவர் எழுதவில்லை. வீட்டார் என்றே எழுதுகிறார்.

உங்கள் சபையில் நடப்பது புதிதும் அல்ல. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை மூப்பரோடு உட்கார்ந்து மெதுவாகப் படித்துப் பாருங்கள். எருசலேம் சபையில் இரண்டு மொழிக்காரர்கள் இருந்தார்கள். தினமும் உணவு பகிர்ந்து கொடுக்கும் பந்தி விசாரணையில் கிரேக்கம் பேசுகிறவர்களின் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று முணுமுணுப்பு எழுந்தது. யாரோ வேண்டுமென்று செய்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை. பேச்சு புரியாதவர்கள் கண்ணில் படாமல் போயிருப்பார்கள், உங்கள் டீ வட்டத்தில் நடப்பதைப் போலவே. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? இன்னும் அன்பாக இருங்கள் என்று ஒரு பிரசங்கம் செய்துவிட்டுப் போகவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா பிறப்பால் யூதரே அல்ல, அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவர். குறை யார் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தாரிடமே பொறுப்பு போனது போலத்தான் இந்தப் பெயர்கள் படுகின்றன. நான் அதை அப்படித்தான் வாசிக்கிறேன்.

ஆகவே உங்கள் மருமகளுக்குச் சபையில் ஒரு வேலை வேண்டும். பாத்திரம் கழுவுகிற வேலையை மட்டும் சொல்லவில்லை. புதிதாக வந்த மருமகள்களுக்கு நாம் உடனே கொடுப்பது அதைத்தானே! அவள் பர்மிய மொழியில் நன்றாக வாசிப்பாள் அல்லவா? அன்றைய வேதபாடத்தைத் தமிழில் ஒருவர் வாசித்ததும், அதே பகுதியைப் பர்மிய வேதாகமத்திலிருந்து அவள் வாசிக்கட்டும். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அந்த வேதாகமத்துக்கும் இந்த ஊரில் ஒரு கதை இருக்கிறது. 1813-இல் ரங்கூனுக்கு, அதாவது இதே யாங்கூனுக்கு, வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரி ஜட்சன் இந்த மொழியை எழுத்து எழுத்தாகப் படித்தார். 1819-இல் சாலையோரத்தில், வழிப்போக்கர் தங்கும் சயாத் போலவே ஒன்றைக் கட்டி, போகிறவர் வருகிறவரோடு அங்கே உட்கார்ந்து பேசினார். 1834-இல் முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் முடித்தார். இன்றைக்கும் இந்த நாட்டுச் சபைகளில் வாசிக்கப்படுவது அதுதான். அது நம் ஆராதனையில் ஒலித்தால் எதுவும் குறைந்துவிடாது.

பிரசங்கத்தை வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். அப்படிச் செய்தால் நேரம் இரட்டிப்பாகும், இரண்டு பக்கமும் சலித்துப்போகும். போதகர் சனிக்கிழமையே பிரசங்கத்தின் சாரத்தை அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால், வாலிபரில் ஒருவர் அதைப் பர்மியத்தில் எழுதி, பிரசங்கத்துக்கு முன் மூன்று நிமிஷம் சொல்லிவிடலாம். அறிவிப்புகளை இரண்டு மொழியிலும் சொல்லுங்கள். பாட்டுகளைத் தமிழிலேயே பாடுங்கள். ஆனால் அந்த வாரப் பாட்டுகளின் வரிகளைப் பர்மிய எழுத்தில் எழுதி ஒரு தாளில் கொடுங்கள். அவளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் வாலிபரில் எத்தனை பேர் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுமே வாயசைக்கிறார்கள் என்று அடுத்த ஞாயிறு கவனியுங்கள். அந்தத் தாளை முதலில் கேட்டு வாங்கப்போவது அவர்கள்தான்.

இப்போது மூப்பர் விஷயத்துக்கு வருவோம். அவர் கோபத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய இழப்பு நிற்கிறது. 1964-இல் கடை கண்ணிகள் தேசியமயமான பிறகு, லட்சக்கணக்கில் நம்மவர்கள் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். தனியார் பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்டது. 1966-இல் வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேற வேண்டியதாயிற்று. இங்கேயே தங்கிவிட்டவர்களுக்குத் தமிழை எழுதவும் படிக்கவும் மிஞ்சிய இடங்கள் மிகக் கொஞ்சம். இந்துக்களுக்குக் கோவில், நமக்கு ஞாயிறு பள்ளியும் பாட்டுப் புத்தகமும். அந்தக் காலத்தில் கதவை மூடாமல் சபையைக் காத்தவர்களில் அவரும் ஒருவராக இருப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், காலம் மாறிவிட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடக் கூடாது.

ஆனால் உங்கள் வீட்டை வைத்தே அவரிடம் ஒன்றைக் கேட்கலாம். உங்கள் பேரக்குழந்தை எந்த மொழி பேசி வளரும்? தாய்க்கு இந்தச் சபையில் இடமில்லை என்றால் அவள் வீட்டில் இருந்துவிடுவாள். குழந்தையும் அவளோடு இருந்துவிடும். கொஞ்ச நாளில் உங்கள் மகனும் வர மாட்டான். அப்போது தமிழ் காப்பாற்றப்பட்டதா? அதே தாய் இது என் சபை என்று நினைத்தால், குழந்தையை ஞாயிறு பள்ளியில் விட்டுவிட்டு அவளே அதன் பக்கத்தில் உட்கார்ந்து அ, ஆ எழுதக் கூடும். அவளுக்குத் தமிழ் எழுத்து கற்றுக்கொடுக்க உங்கள் மூப்பரைவிடத் தகுந்தவர் யார்? ஆராதனை முடிந்து அரை மணி நேரம் அவளுக்கும், விருப்பமுள்ள வாலிபருக்கும் அவர் பாடம் நடத்தட்டும். தமிழை விடச் சொல்லி நீங்கள் அவரிடம் வரவில்லை, கற்றுக்கொடுக்கத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று அவருக்குப் புரிய வேண்டும்.

அவருக்கு இன்னொன்றும் நினைவிருக்கட்டும். சபைக்குள் யார் எங்கே உட்காருவது என்பதில் நம் தமிழ்ச் சபைகளின் வரலாறு சுத்தமானது அல்ல. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகினார்கள். திருவிருந்துப் பந்தியில் சேர்ந்து நிற்க மனம் வரவில்லை. கர்த்தரின் மேஜையிலேயே பாகுபாடு பார்த்தவர்களின் பிள்ளைகள் நாம். பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் காலடி என்று யாக்கோபு 2-ஆம் அதிகாரம் கண்டிப்பதைப் படிக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் போனதே இல்லை. இன்று சாதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மொழியும் இனமும் அதே வேலையைச் செய்ய நாம் விடக் கூடாது.

டீ வேளைக்கு ஒரு சின்ன ஏற்பாடு. வாரத்துக்கு ஒருவர் அன்று சொந்தக்காரரோடு பேசாமல், தனியாக நிற்கிறவரோடு மட்டும் பேச வேண்டும் என்று பெண்கள் ஐக்கியத்தில் முறை வையுங்கள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். இன்னார் பெண்டாட்டி, இன்னார் மருமகள் என்று வேண்டாம். அப்புறம் நீங்கள்: உங்கள் வழக்கமான முன் பெஞ்சை விட்டுவிட்டுப் பின்னால் அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவளை முன்னால் இழுத்துக்கொண்டு வராதீர்கள். கைக்குழந்தையோடு இருக்கிறவர்களுக்குக் கடைசி பெஞ்ச்தான் வசதி, அதை ஏன் கெடுக்க வேண்டும்? அவளிடம் ஏதாவது கேளுங்கள். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் கேட்டது தண்ணீர். கொடுக்க ஆரம்பித்த இடத்தில்தான் ஒருவருக்குத் தன்னைப் பற்றிய கூச்சம் போகிறது. அடுத்த சபை விருந்துக்கு அவள் கைப்பட மொகிங்கா (பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்) செய்யட்டும், உங்கள் பெண்கள் அவளிடம் பக்குவம் கேட்டு நிற்கட்டும்.

இனி அந்தச் சக்கர நாற்காலிப் பையன். நாலு பேர் தூக்கியது அன்பினால்தான், சந்தேகமில்லை. ஆனால் வளர்ந்த பையனை எல்லார் முன்னாலும் மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கினால் அவன் மறுபடி வருவானா? அவனிடம் யாராவது, எப்படி உதவட்டும் தம்பி என்று கேட்டார்களா? உங்கள் ஆலயத்தில் பக்கவாட்டுக் கதவு இருக்கிறதா பாருங்கள். பல பழைய கட்டடங்களில் இருக்கும். அதற்குப் படியும் குறைவாக இருக்கும், எப்போதும் பூட்டியும் கிடக்கும், உள்ளே உடைந்த நாற்காலிகள் குவிந்திருக்கும். அதைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். சரிவுப் பாதைக்குக் கணக்கு எளிது: ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறடி போதும். முன்வாசல் ஐந்து படிக்கு முப்பதடி வேண்டும், உங்கள் காம்பவுண்டில் அதற்கு இடம் இருக்காது. சரிவைப் பலகையில் போட்டால் மழைக்காலத்தில் வழுக்கும், அதனால் சொரசொரப்பான சிமெண்ட்டே நல்லது. அவன் அந்தக் கதவு வழியாக வருகிறான் என்றால் நீங்களும் அதே வழியாக வாருங்கள், அது பின்வாசலாக ஆகிவிடக் கூடாது. உள்ளே ஒரு பெஞ்சின் ஓரத்தை ஆசாரியைக் கூப்பிட்டு வெட்டிவிட்டால், அவன் நடைபாதையில் துருத்திக்கொண்டு இருக்காமல் தன் தாயின் பக்கத்திலேயே வரிசையோடு இருப்பான்.

அந்தத் தாயைப் போய்ப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காமல், எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். சின் மலைப் பக்கத்திலிருந்து இப்போது யாங்கூன் வருகிறவர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார்களோ, நமக்குத் தெரியாது. எந்தக் கிராமம், ஏன் வந்தீர்கள், வீட்டு ஆண்கள் எங்கே என்றெல்லாம் நோண்ட வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதை இன்னொருவர் காதில் போடாதீர்கள். சபையில் எடுக்கிற படங்களில் அவர்கள் முகம் இருந்தால் பேஸ்புக்கில் போடவே கூடாது. இதை வாலிபரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். யாரையாவது இரவு தங்கவைப்பதானால், வார்டு அலுவலகத்தில் விருந்தாளியின் பெயர் கொடுக்க வேண்டும் என்ற விதி 2021-இலிருந்து மறுபடியும் நடைமுறையில் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் நல்லெண்ணத்தில் அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதீர்கள். சின் மக்களுக்கு யாங்கூனில் சொந்தச் சபைகள் இருக்கின்றன. தங்கள் மொழியில் ஆராதிக்க அங்கே போக அவர்கள் ஆசைப்பட்டால், வழி விசாரித்து வண்டி பிடித்துக் கொடுப்பதும் உங்கள் வேலைதான். ஆள் குறைகிறதே என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் மருமகளும் அப்படி ஏதாவது சொல்லலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு பர்மியச் சபைக்குப் போகிறேன் என்றால், நீங்களும் கூடப் போய் வாருங்கள். புரியாத மொழியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எப்படி என்று உங்களுக்கும் தெரியும். மூப்பரையும் ஒரு தடவை அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் கமிட்டிக் கூட்டத்தில் முதல் முறையாகக் கிளப்பாதீர்கள். பத்துப் பேர் முன்னால் திடீரென்று கேட்டால் யாருக்கும் வேண்டாம் என்றுதான் வாயில் வரும். இந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் மூப்பர் வீட்டுக்கு மகனையும் மருமகளையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போங்கள். குழந்தையை அவர் மடியில் விடுங்கள். தமிழ் வகுப்பைப் பற்றி முதலில் பேசுங்கள், பர்மிய வாசிப்பை அப்புறம் பேசலாம்.